இடையாளை நம்பி இணையத்தில் உலவலாமா?

ஒருவர் தாம் பார்க்க விரும்பும் வலைத்தளத்தை நேரே அணுகாமல், வேறோர் ஊரிலோ வேறொரு தேசத்திலோ இயங்கும் சர்வர் ஒன்றைத் தமக்குப் பதிலாக அங்கே அனுப்பி, அது கொண்டுவந்து தரும் பக்கத்தைப் படிப்பாரானால், அவருடைய அந்தரங்கம் காக்கப்படுமா, அவருக்கு மறுக்கப்பட்ட பக்கங்கள் கிடைக்குமா என்ற கேள்வி, இணையம் பொதுஜனங்களின் கைக்கு வந்த காலந்தொட்டுக் கேட்கப்பட்டு வருகிறது. பிராக்ஸி என்றும், அதற்கு நெருங்கிய உறவினதாகிய வி.பி.என். என்றும் வழங்கும் இவ்வுபாயத்தைப் பற்றி விளம்பரக்காரர்கள் கூறும் விடை ஒன்று. கணினி விஞ்ஞானிகள் கூறும் விடைகள் பல. சர்க்கார்கள் கூறுவது வேறு. இவ்விடைகளின் பூர்வோத்தரங்களையும் அவற்றில் காணும் குறைகளையும் பரிசீலிப்பதே இங்கு நோக்கம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். அந்தரங்கம் வேறு, தடையின்மை வேறு. ஒன்றுக்கு உகந்த அமைப்பு மற்றொன்றுக்கும் உகந்ததாக இருந்தே தீரவேண்டும் என்ற நியதி இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் விளைந்த குழப்பமே இத்துறையின் சரித்திரத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

காவலுக்கு வந்த கருவி

பிராக்ஸி சுதந்திரத்தின் பொருட்டுப் பிறந்ததன்று. 1994-ஆம் ஆண்டு ஜெனீவாவில், ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் கூடிய முதலாவது உலகளாவிய வலை மகாநாட்டில், ஆரி லுவோட்டோனென், கெவின் ஆல்டிஸ் என்ற இருவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை சமர்ப்பித்தார்கள். நிறுவனங்கள் தம் உள்வலையைச் சுற்றி எழுப்பிக்கொண்ட ஃபயர்வால் என்னும் அரண், வெளியிலிருந்து வருவோரைத் தடுத்ததோடு உள்ளிருப்போர் வலைத்தளங்களைக் காண்பதற்கும் இடையூறாக நின்றது. அந்த அரணின் வாயிலில் ஒரு சர்வரை நிறுத்தி எல்லாருடைய கோரிக்கைகளையும் அதன் வழியே அனுப்பினால் இடையூறு நீங்கும் என்பதும், ஒருமுறை தருவித்த பக்கத்தை அங்கேயே சேமித்து வைத்து அடுத்தவருக்கும் வழங்கினால் மந்தமான இணைப்புகளின் பாரம் குறையும் என்பதும் அவர்களுடைய உத்தேசம். 1996-இல் வெளிவந்த ஸ்குவிட் என்ற மென்பொருள் இந்த ஏற்பாட்டைக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் சாதாரணமாக்கியது.

வாயிலில் ஒரு சர்வர் நின்றபின், யார் எந்நேரத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற குறிப்பு அதில் சேர்வதற்கும், பார்க்கக் கூடாதவற்றின் பட்டியல் அதில் ஏறுவதற்கும் நெடுங்காலம் ஆகவில்லை. ஆகவே, கட்டுப்படுத்துவோர் கையிலும் கட்டுப்பட மறுப்போர் கையிலும் இருப்பது ஒரே வகை இயந்திரம். அதை நிறுத்தியிருக்கும் இடமும், அதன் குறிப்பேடு யார் வசம் உள்ளது என்பதுமே வேற்றுமை.

ஒற்றை இடையாள் போதும் என்போர்

விடைகளுள் மிகப் பழையதும் எளியதும் இது: நேர்மையான இடையாள் ஒருவர் கிடைத்தால் போதும். பயனரின் இணையச் சேவை நிறுவனத்தின் கண்ணுக்கு அவர் பிராக்ஸியோடு பேசுவது மட்டுமே தெரியும். வலைத்தளத்தின் கண்ணுக்கோ பிராக்ஸியின் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், மட்டுமே தெரியும். இரு முனையையும் ஒருசேர அறிந்தது நடுவிலுள்ள சர்வர் ஒன்றுதான். அது வாய் திறவாதிருக்கும்வரை இரகசியம் இரகசியமே.

இக்கொள்கையின் பலமும் பலவீனமும் பிரத்தியட்சமாக வெளிப்பட்ட இடம் பின்லாந்து. அங்கே யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1990-களின் முற்பகுதியில் நடத்திய பெனெட் என்ற சேவை, வலைப்பக்கங்களுக்கானது அன்று, மின்னஞ்சலுக்கும் செய்திக்குழுக்களுக்கும் உரியது. எனினும் அதன் தத்துவம் இதேதான். அனுப்புவோரின் பெயரை நீக்கி ஒரு புனைபெயரை இட்டுக் கடிதத்தை மேலே செலுத்துவது, வரும் பதிலை உரியவரிடம் சேர்ப்பது என்ற இக்காரியத்துக்கு எந்தப் பெயர் எந்தப் புனைபெயருக்கு உரியது என்ற பட்டியல் ஒன்று அவசியமாயிற்று. 1995-இல் சயண்டாலஜி திருச்சபையார் தம் ஆவணம் ஒன்று வெளியானது குறித்துப் புகார் செய்ய, பின்லாந்துப் போலீசார் அப்பட்டியலைக் கேட்டனர். முழுப் பட்டியலும் பறிபோவதைத் தவிர்க்க ஹெல்சிங்கியஸ் ஒரு பயனரின் அடையாளத்தை மட்டும் வெளியிட நேர்ந்தது. மறுவருஷம், இத்தகைய கடிதப் போக்குவரத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உறுதியில்லை என்று கண்டபின், சுமார் 7 லட்சம் பேர் பயன்படுத்திய அந்தச் சேவையை அவரே மூடிவிட்டார். அவருடைய யோக்கியதையில் எவரும் குறை காணவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பட்டியல் என்று ஒன்று இருந்தது. இருந்தமையால் அது கேட்கப்பட்டது.

வலைப்பக்கங்களுக்கான பிராக்ஸி தளங்களில் குறை வேறு வடிவில் வந்தது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரசித்தி பெற்ற சேஃப்வெப் என்ற இலவசத் தளத்தில் ஒரு முகவரியை இட்டால், அப்பக்கத்தைத் தருவித்து, அதிலுள்ள இணைப்புகளையெல்லாம் தன் வழியே திரும்புமாறு மாற்றி எழுதித் தரும். பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் பெருகிய பிறகு இப்படி மாற்றி எழுதுவது எளிய காரியமாக இல்லை. டேவிட் மார்ட்டின், ஆண்ட்ரூ ஷுல்மன் என்ற ஆய்வாளர்கள், நயவஞ்சகமான ஒரு வலைத்தளம் சில வரி நிரலால் பயனரின் உண்மையான ஐ.பி. முகவரியைக் கறந்துவிட முடியும் என்று 2002-இல் நிரூபித்துக் காட்டினார்கள். அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.-யின் முதலீட்டுப் பிரிவு அந்நிறுவனத்தில் பணம் போட்டிருந்தது என்ற செய்தியும் அக்காலத்தில் பலருக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் குறை நிரலில் இருந்ததேயன்றி முதலீட்டில் இருந்ததாக ஆதாரம் இல்லை.

மூன்றாவது குறை வியாபாரத்திலிருந்து வருவது. இன்றைய வாசகருக்கு மிகவும் அவசியமானதும் இதுவே. இலவசமாகச் சேவை செய்பவர் மின்சாரத்துக்கும் அலைவரிசைக்கும் எங்கிருந்தோ பணம் ஈட்டியாக வேண்டும். ஹோலா என்ற சேவை தன் பயனர்களின் இணைப்புகளையே வேறொரு வியாபாரத்தின் மூலம் பிறருக்கு வாடகைக்கு விடுகிறது என்பது 2015-இல் அம்பலமாயிற்று. பயனர் தாமே அறியாமல் முன்பின் தெரியாத ஒருவரின் போக்குவரத்துக்கு இடையாளாகிக்கொண்டிருந்தார். ஃபேஸ்புக் 2013-இல் விலைக்கு வாங்கிய ஒனாவோ என்ற நிறுவனத்தின் செயலி, உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம் என்று விளம்பரம் செய்துகொண்டே, பயனர்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தாய் நிறுவனத்துக்குத் தெரிவித்து வந்தது. இதன்பொருட்டு 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான 283 வி.பி.என். செயலிகளை 2016-இல் ஆராய்ந்த ஒரு குழுவினர், அவற்றில் 18 சதவிகிதம் குறியாக்கமே செய்வதில்லை என்றும், 75 சதவிகிதத்தில் பிறர் வேவு பார்ப்பதற்கான நிரல்கள் உள்ளன என்றும் கண்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைப் பிரித்துக் காட்டுவது தகும். வி.பி.என்., கணினியின் போக்குவரத்து முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. பூட்டுச் சின்னமுள்ள வலைத்தளத்தைப் பார்க்கும்போது அதை நடத்துபவருக்குத் தளத்தின் பெயர் தெரியுமே ஒழிய உள்ளே தட்டச்சு செய்யும் கடவுச்சொல் தெரியாது. முகவரிப் பெட்டி வைத்திருக்கும் பிராக்ஸி தளமோ பக்கத்தைத் தானே பிரித்துப் படித்து, மாற்றி எழுதி, பிறகே தருகிறது. ஆதலால் கடவுச்சொல் உட்பட யாவும் அதற்கு வெளிச்சம். இவ்விரண்டையும் ஒரே பெயரால் விற்பது நியாயமாகாது.

நம்பிக்கையைப் பங்கிட்டவர்கள்

ஒருவரை முழுமையாக நம்புவது அபாயமானால் பலரைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பலாமே என்ற யோசனை, வலைத்தளங்கள் தோன்றுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. டேவிட் சாம் 1981-இல் வெளியிட்ட கட்டுரையில், பல சர்வர்கள் வரிசையாக நின்று, வந்த கடிதங்களைக் கலைத்து, ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு குறியாக்க உறையை மட்டும் நீக்கி அடுத்ததற்கு அனுப்பும் ஏற்பாட்டை வகுத்தார். எந்த ஒரு சர்வருக்கும் அனுப்பியவரும் பெறுபவரும் சேர்ந்து தெரியமாட்டார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் கோல்ட்ஷ்லாக், ரீட், சிவர்சன் ஆகிய மூவரும் இதை வலை உலாவலுக்கு ஏற்றபடி விரைவுபடுத்தினார்கள். அதன் வாரிசான டோர் 2002-இல் இயங்கத் தொடங்கியது. இராணுவக் கூடத்தில் பிறந்த ஒரு பொருளைப் பொதுஜனங்களுக்கு ஏன் திறந்துவிட்டார்கள் என்று வியப்போர் உண்டு. காரணம் எளியது: கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் வலையில், அதிலிருந்து வெளிவரும் எவரும் கடற்படையினர் என்பது அப்போதே தெரிந்துவிடும். மறைந்திருக்கக் கூட்டம் வேண்டும்.

இந்தக் கூட்டத்தின் அவசியத்தை 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தெளிவாக்கியது. பரீட்சையைத் தவிர்க்க விரும்பிய மாணவர் ஒருவர் டோர் வழியாகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரின் குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அந்நேரத்தில் பல்கலைக்கழக வலையிலிருந்து டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்ததே விசாரணைக்குப் போதுமானதாயிற்று.

டோரின்மேல் கூறப்படும் ஆட்சேபங்கள் பல. கடைசிச் சர்வரை நடத்துபவர், பூட்டில்லாத போக்குவரத்தைப் படிக்கலாம். 2007-இல் ஸ்வீடன் தேசத்துப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் இவ்விதமே பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் சேகரித்துக் காட்டினார். அதைவிட ஆழமான ஆட்சேபம், இரு முனைகளையும் ஒரே கண் காணுமானால், உள்ளே புகுவதன் நேரமும் வெளியே வருவதன் நேரமும் ஒத்திருப்பதைக் கொண்டே ஆளை அடையாளம் காணலாம் என்பது. சில சர்வர்களைத் தன் வசம் வைத்திருக்கும் மத்திமமான பலமுள்ள எதிரி ஒருவர் 6 மாதத்துக்குள் 80 சதவிகிதப் பயனர்களை இவ்வாறு கண்டுபிடிக்கக் கூடும் என்று 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. சாம் வகுத்தபடி கடிதங்களைத் தாமதித்துக் கலைத்தால் இக்குறை குறையும். ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்கு நெடுநேரம் காத்திருக்க யார் உடன்படுவார்? பலமான மறைவு, விரைவு, அலைவரிசைச் சிக்கனம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயலாது என்று 2018-இல் கணிதமுறையில் காட்டப்பட்டுவிட்டது. ஆகவே இது பொறியாளர்களின் அசிரத்தையால் வந்த குறை என்று சொல்வதற்கில்லை.

ஆப்பிள் நிறுவனம் 2021-இல் தொடங்கிய ஏற்பாடு, நம்பிக்கையைப் பங்கிடும் இச்சித்தாந்தத்தின் சுருக்கமான வடிவம்: முதல் சர்வருக்குப் பயனர் தெரியும், தளம் தெரியாது, இரண்டாவதற்குத் தளம் தெரியும், பயனர் தெரியாது. இருவரும் கூடிப் பேசிக்கொள்ளமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு ஒப்பந்தத்தைத் தவிர வேறு காவல் இல்லை. சீனா முதலிய சில தேசங்களில் இது வழங்கப்படுவதில்லை என்பதும் அந்தரங்கமும் தடையின்மையும் வெவ்வேறு என்பதற்குச் சான்றாகும்.

தடையை மீறுவோரின் வழி

இதுவரை கூறியவர்களின் கவலை மறைவைப் பற்றியது. தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறப்பதே முதற்காரியம் என்போரின் மரபு தனியானது. அதன் உலைக்களம் சீனா. 2000-களின் தொடக்கத்தில், அங்கே தடை செய்யப்பட்ட ஃபாலுன் காங் இயக்கத்தைச் சேர்ந்த பொறியாளர்கள் அமெரிக்காவிலிருந்து ஃபிரீகேட், அல்ட்ராசர்ஃப் என்னும் கருவிகளைச் சமைத்தார்கள். டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2006-இல் வெளியிட்ட சைஃபனோ, சுதந்திர நாட்டில் வசிப்பவர் தம் கணினியைத் தடைப்பட்ட நாட்டிலுள்ள நண்பருக்குப் பிராக்ஸியாகத் தரலாம் என்ற எளிய எண்ணத்திலிருந்து எழுந்தது.

இங்கே பிரச்சினை இதுதான்: பயனர்கள் அறிய வேண்டிய முகவரியைத் தணிக்கையாளர் அறியாதிருக்க வேண்டும். பகிரங்கமாகப் பட்டியலிட்ட பிராக்ஸி அன்றே தடைப்படும். இரகசியமாக வைத்ததைத் தேடுபவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சீனத்துத் தணிக்கை இயந்திரம் பட்டியலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. சந்தேகத்துக்குரிய இணைப்பு ஒன்றைக் கண்டால், தானே ஒரு வாடிக்கையாளர் போல் அந்தச் சர்வரோடு பேசிப்பார்த்து, அது டோர் மொழியில் பதிலளித்தால் உடனே அடைத்துவிடும். 2012-இல் இதை ஆராய்ந்தவர்கள் இச்சோதனை சில நிமிஷங்களில் வருவதைக் கண்டார்கள். 2015-இல் அது ஒரு விநாடிக்குள் வரத் தொடங்கியிருந்தது. தப்புவதற்காகச் சிலர் தம் போக்குவரத்தை ஸ்கைப் உரையாடல் போல வேஷமிட்டுப் பார்த்தார்கள். வேஷம் எவ்வளவு நுட்பமானாலும் அசலின் கோணல்களையும் பிழைகளையும் அப்படியே நடிக்க முடியாது என்று 2013-இல் ஹுமன்சத்ர், புரூபேக்கர், ஷ்மட்டிகோவ் ஆகியோர் காட்டியபின் அந்த மார்க்கத்தின் மதிப்புக் குறைந்தது.

அடுத்து வந்த யுக்தி இன்னும் துணிச்சலானது. கூகுள், அமேசான் போன்ற பெருநிறுவனங்களின் முகவரிக்குச் செல்வதாக வெளிப்புறத்தில் காட்டி, குறியாக்கத்தின் உள்ளே வேறு தளத்தைக் குறிப்பது அது. தடுக்க விரும்பும் சர்க்கார் தன் வணிகர்களும் சார்ந்திருக்கும் அச்சேவை முழுவதையுமே தடுக்க வேண்டிவரும். அந்த நஷ்டத்துக்கு அஞ்சி விட்டுவிடும் என்பது கணக்கு. கணக்கு முற்றிலும் சரியாகவில்லை. 2018 ஏப்ரலில் ருஷ்ய சர்க்கார் டெலிகிராம் சேவையை அடைக்கும் முயற்சியில் இத்தகைய பெருநிறுவனங்களின் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை, சம்பந்தமில்லாத வணிகத் தளங்கள் உட்பட, அடைத்துப் போட்டது. அம்மாதத்திலேயே கூகுளும் அமேசானும் இந்த யுக்திக்கு இடந்தருவதை நிறுத்தலாயின. டெலிகிராம் பிழைத்துக்கொண்டது, 2020-இல் ருஷ்யா தடையை நீக்கியது என்றாலும், சுதந்திரத்தின் கேடயமாகப் பெருநிறுவனங்களின் இலாபத்தை நம்பலாம் என்ற கொள்கைக்கு இந்நிகழ்ச்சி பெருத்த அடியே.

இன்று வழக்கில் உள்ளது ஸ்னோஃப்ளேக்: உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் பிரௌசர்களே கணநேரப் பிராக்ஸிகளாகத் தோன்றி மறைவது. 2022 செப்டம்பரில் ஈரானில் கிளர்ச்சி மூண்டபோது இதன் பயன்பாடு பெருகியது. ஆனால் இக்கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. இணைப்பின் நூல் ஒன்றேனும் எஞ்சியிருந்தாலன்றிப் பிராக்ஸிக்குச் செல்லவும் வழியில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தில் செய்ததுபோல் இணைப்பையே அறுத்துவிட்டால் எந்த யுக்தியும் பலிக்காது. பின்னர் 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் அனுமதிக்கப்பட்ட சில நூறு தளங்களை மட்டும் அங்கே திறந்துவிட்டபோது, வி.பி.என். பயன்பாடு உடனே தலையெடுத்தது. அதன் வழியே சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியவர்கள்மேல் போலீஸ் வழக்கும் பதிவாயிற்று.

யார் கேட்டார்கள் என்ற ஐயம்

கருவியைச் செய்துவிட்டால் ஜனங்கள் அதைத் தேடி வருவார்கள் என்பது மேற்சொன்ன எல்லாரும் மௌனமாக ஏற்றுக்கொண்ட அனுமானம். இதை முதலில் கலைத்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை. தணிக்கை மிகுந்த நாடுகளிலும் இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் 3 சதவிகிதத்துக்கு மேற்படார் என்று அது மதிப்பிட்டது. சென், யாங் என்ற பொருளியலாளர் இருவர் பெய்ஜிங் மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் சிந்தனைக்குரியது. தடை மீறும் கருவியை 18 மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்தும், ஏறக்குறையப் பாதிப்பேர் அதைத் தொடவே இல்லை. தொட்டவர்களிலும் அயல்நாட்டுச் செய்தித்தாள்களைத் திறந்தவர்கள் மிகச் சிலர். சிறிது காலம் அச்செய்திகளைப் படிக்கத் தூண்டப்பட்டவர்களோ, தூண்டுதல் நின்றபின்னும் தொடர்ந்து படித்தார்கள். தடையைவிடப் பழக்கமே பெரிய மதில் என்று இதைக் கொண்டு சிலர் முடிவு கட்டுகிறார்கள். அம்முடிவைச் சற்றுத் தயக்கத்தோடு ஏற்பதே நலம். இலங்கையில் 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டபோது, அன்றாடம் பயன்படுத்திய ஒன்று பறிபோன ஜனங்கள் உடனே வி.பி.என். நாடினார்கள், அப்போது மந்திரியாக இருந்த நாமல் ராஜபக்ஷவே தாம் வி.பி.என். வழியாக எழுதுவதாகவும், இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் பகிரங்கமாகத் தெரிவித்தார். அதே தேசத்தில் 2007-இல் அடைக்கப்பட்ட தமிழ்நெட் என்ற செய்தித்தளத்துக்கு அப்போது ஆட்சியில் இத்தகைய ஆதரவாளர் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சர்க்காரின் வாதம்

குற்றவாளிகளும் இதே மறைவில் ஒளிகிறார்கள் என்ற வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அதற்குக் காணும் பரிகாரம் எத்தகையது என்பதே கேள்வி. இந்திய சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு, வி.பி.என். நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. எண், பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை 5 ஆண்டுகள் சேமிக்க வேண்டும் என்றது. பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் சில தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றி, சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருந்துகொண்டே இந்திய முகவரி தரும் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. பின்லாந்தில் ஒரு பட்டியல் இருந்ததால் வந்த துன்பத்தை அறிந்தவருக்கு, பட்டியலைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒற்றை இடையாள் என்ற கொள்கையின் அடிப்படையையே நீக்கிவிடுகிறது என்பது விளங்கும். ருஷ்யா 2017-இலேயே, தடை செய்த தளங்களை வி.பி.என்.களும் தடுக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. பிரிட்டனில் 2025 ஜூலையில் வயதுவந்தோர்க்குரிய தளங்களில் வயதுச் சோதனை கட்டாயமானவுடன் வி.பி.என். பதிவிறக்கங்கள் பெருகியது, இவ்விவாதம் இனி எதேச்சாதிகார நாடுகளோடு நிற்காது என்பதைக் காட்டுகிறது.

தீராத பகுதி

இன்னும் முடிவாகாதவை சில. ஐ.பி. முகவரியை மறைத்தபின்னும், எழுத்துருக்கள், திரையின் அளவு, பிரௌசரின் பதிப்பு முதலிய சிறு விவரங்களின் சேர்க்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் சோதித்த பிரௌசர்களில் சுமார் 84 சதவிகிதம் ஒன்றுக்கொன்று வேறாகவே இருந்தன. இதற்குப் பிராக்ஸி எதுவும் மருந்தாகாது; பிரௌசரைச் செய்பவர் மனம் வைத்தால்தான் உண்டு. வலைத்தளங்கள் பெரும்பாலும் பூட்டிடப்பட்டுவிட்ட இக்காலத்தில் சாதாரணப் பயனருக்கு வி.பி.என். அவசியந்தானா என்று கேட்போரின் பக்கமும் நியாயம் உண்டு. தம் இணையச் சேவை நிறுவனத்தைவிட முன்பின் அறியாத வி.பி.என். நிறுவனம் ஏன் அதிக நம்பிக்கைக்கு உரியது என்ற அவர்களுடைய வினாவுக்கு, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விடை கிடையாது. நம்பிக்கையை இருவருக்குள் பங்கிடும் முறை தணிக்கை மிகுந்த தேசங்களில் நிலைக்குமா என்பதையும் இப்போதே சொல்லிவிட முடியாது.

தடையை மீறுவது என்ற அளவில், இணைப்பு அறவே துண்டிக்கப்படாத இடங்களில், பிராக்ஸி தன் வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கிறது. அந்தரங்கம் என்ற அளவில், ஒற்றை நிறுவனத்தை நம்பச் சொல்லும் விளம்பரங்களுக்கு அவர்களுடைய சொல்லைத் தவிரப் போதிய ஆதாரம் இல்லை. உயிருக்கே அபாயமுள்ள பத்திரிகையாளருக்கு டோர் அதன் குறைகளோடும் ஏற்றது. அடைபட்ட செய்தித்தளம் ஒன்றைப் படிக்க விரும்புபவருக்குச் சைஃபன் போன்றவை போதும். பெயர் தெரியாத இலவசப் பிராக்ஸி பக்கம் ஒன்றில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை இடுவது மட்டும், மேலே கூறிய எந்தக் கட்சியாரும் ஒப்புக்கொள்ளாத காரியம்.